வேகத்துக்கு முட்டுக்கட்டை எங்கே?

காஞ்சிபுரம் என்றதும் ஜனங்களுக்குப் பட்டும் கோயிலும் நினைவுக்கு வருகின்றன. அது நியாயமே. ஆனால் இன்றைய காஞ்சிபுரம் ஜில்லாவுக்கு மூன்றாவது அடையாளம் ஒன்றும் உண்டு. அதுதான் மோட்டார் சைக்கிள். ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் ராயல் என்ஃபீல்டு கம்பெனியின் தொழிற்சாலைகள் இருக்கின்றன. வல்லம் வடகாலிலேயே யமஹா கம்பெனியின் தொழிற்சாலையும் இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்தில், இருங்காட்டுக்கோட்டையில், தேசியப் போட்டிகள் நடக்கும் பந்தயத் திடல் இருக்கிறது. இந்த வட்டாரத்தை ஊடுருவிக்கொண்டு ஓடுகிறது சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலை.

ஆகவே, மோட்டார் சைக்கிள் பிறப்பதும், பந்தயம் ஓடுவதும், சாலையில் சாய்வதும் இந்த ஒரே ஜில்லாவில் நடந்துவிடுகின்றன. 2023-ஆம் ஆண்டில் ஏறக்குறைய ஆறு வார இடைவெளியில் இங்கே இரண்டு சம்பவங்கள் நடந்தன. ஒன்றில் ஒரு சிறுவன் உயிர் துறந்தான். மற்றொன்றில் ஒரு வாலிபர் உயிர் தப்பினார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், வேகத்தைப் பற்றி வழக்கமாகப் பேசப்படும் பல வாதங்கள் நிலைகுலைந்து போகின்றன.

இருங்காட்டுக்கோட்டையில் ஒரு துயரம்

2023 ஆகஸ்டு 5, சனிக்கிழமை. இருங்காட்டுக்கோட்டைத் திடலில் இந்திய தேசிய மோட்டார் சைக்கிள் பந்தயத்தின் மூன்றாவது சுற்று நடந்துகொண்டிருந்தது. புதியவர்களுக்கான போட்டி ஒன்றில் பெங்களூரைச் சேர்ந்த ஷ்ரேயாஸ் ஹரீஷ் என்னும் சிறுவன் கலந்துகொண்டான். வயது பதின்மூன்று நிறைந்து பத்து நாட்களே ஆகியிருந்தன. அந்தப் பருவத்தில் மட்டும் தொடர்ந்து நான்கு பந்தயங்களில் வென்றிருந்தவன். ஸ்பெயின் தேசத்துக்குச் சென்று சிறுவர் பந்தயங்களில் ஓட்டிவிட்டு வந்தவன். அதே மாதத்தில் மலேசியாவின் செப்பாங் திடலில் ஓட்டவிருந்தவன்.

அன்று காலை நடந்த தகுதிச் சுற்றில் அவனுக்கே முதல் இடம் கிடைத்தது. பந்தயம் தொடங்கிய சற்று நேரத்தில், முதல் வளைவைத் தாண்டி வெளிவரும்போது வண்டி சாய்ந்தது. அவன் தலையில் பலத்த அடிபட்டது. உடனே சிவப்புக் கொடி காட்டிப் பந்தயத்தை நிறுத்தினார்கள். திடலிலேயே தயாராக நின்ற ஆம்புலன்ஸில் முதலுதவி செய்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சென்றார்கள். ஆயினும் உயிர் பிழைக்கவில்லை. அன்றும் மறுநாளும் நடக்கவிருந்த மற்றப் பந்தயங்கள் அனைத்தும் ரத்து செய்யப்பட்டன.

அதே திடலில், அதே வருஷம் ஜனவரி 8-ஆம் தேதி, கார்ப் பந்தயத்தில் கே. இ. குமார் என்னும் சென்னை வீரர் உயிரிழந்திருந்தார். அவருக்கு வயது 59. நெடுங்காலமாகப் பந்தயம் ஓட்டியவர். ஆக, அநுபவம் நிறைந்த ஒருவரையும், அநுபவம் தொடங்கும் பருவத்திலிருந்த ஒருவனையும் ஏழு மாதங்களுக்குள் ஒரே திடல் இழந்தது.

தாமல் அருகே நடந்தது

அடுத்த சம்பவம் செப்டம்பர் 17-ஆம் தேதி நடந்தது. அதே சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில், காஞ்சிபுரத்துக்கு அப்பால், பாலுசெட்டி சத்திரத்தை அடுத்த தாமல் என்னும் இடம். டி.டி.எஃப். வாசன் என்ற பெயரில் யூடியூபில் மோட்டார் சைக்கிள் பயணங்களைக் காட்டி லட்சக்கணக்கான வாலிபர்களின் அபிமானத்தைப் பெற்றிருந்தவர், மகாராஷ்டிரத்துக்குப் புறப்பட்ட வழியில் இங்கே விபத்துக்குள்ளானார். வண்டியின் முன் சக்கரம் சாலையை விட்டு மேலே எழும்பியது. கட்டுப்பாடு தவறியது. வண்டி சாலையோரத்தில் தூக்கி எறியப்பட்டது. அவருக்குக் கை எலும்பு முறிந்தது. உயிருக்கு ஆபத்தில்லை.

முன் சக்கரத்தைத் தூக்கி ஓட்டும் சாகசத்தில் ஈடுபட்டதாகப் போலீஸார் வழக்குத் தொடர்ந்து அவரைக் கைது செய்தார்கள். குறுக்கே வந்த மாடுகளைத் தவிர்க்க முயன்றபோது நேர்ந்தது என்று அவர் தரப்பு மனுவில் சொல்லப்பட்டது. எது மெய் என்று தீர்மானிப்பது கோர்ட்டின் வேலை. அக்டோபரில் ஜாமீன் மனுவைச் சென்னை ஹைக்கோர்ட்டு தள்ளுபடி செய்தது. யூடியூப் பக்கத்தை மூடிவிட்டு வண்டியை எரித்துவிட வேண்டும் என்ற கருத்தும் அந்த விசாரணையில் நீதிபதியிடமிருந்து வந்தது. காஞ்சிபுரம் வட்டாரப் போக்குவரத்து அதிகாரி அவருடைய லைசென்ஸைப் பத்து வருஷங்களுக்கு ரத்து செய்தார். நவம்பர் முதல் தேதி ஜாமீன் கிடைத்தது.

இரண்டையும் நிறுத்துப் பார்த்தால்

"பாதுகாப்பு உடை இருந்தால் பயமில்லை" என்று வாலிபர்கள் சொல்வதுண்டு. "நன்றாக ஓட்டத் தெரிந்தவனுக்கு ஆபத்தில்லை" என்பது இன்னொரு வாதம். "சாலையில் ஓட்டாதே, திடலுக்குப் போ" என்பது பெரியவர்களின் புத்திமதி. மேலே கண்ட இரு சம்பவங்களும் இந்த மூன்றையும் ஒருசேரக் கலைத்துவிடுகின்றன.

திடலில் எல்லாம் இருந்தன. உடை இருந்தது. எதிரே லாரி வரவில்லை. மாடு குறுக்கிடவில்லை. டாக்டரும் ஆம்புலன்ஸும் கூப்பிடு தூரத்தில் இருந்தன. திறமையோ தகுதிச் சுற்றில் முதலிடம் வாங்கிய திறமை. அப்படியும் உயிர் போயிற்று. நெடுஞ்சாலையிலோ இவற்றில் உடை ஒன்றுதான் இருந்தது. அங்கே உயிர் தப்பிற்று.

இதிலிருந்து, சாலையே மேல் என்று யாராவது முடிவு கட்டினால் அது விபரீதம். ஒரு விபத்தின் முடிவை வைத்து ஆபத்தின் அளவைக் கணக்கிட முடியாது. நூறு பேர் கண்ணை மூடிக்கொண்டு தெருவைக் கடந்தால் தொண்ணூறு பேர் கடந்துவிடக்கூடும். அதனால் கண்ணை மூடுவது நல்லதாகிவிடாது. தாமலில் அந்த வேளையில் வண்டி பாய்ந்த இடத்தில் பாதசாரி ஒருவர் நின்றிருந்தால், இன்று பேச்சே வேறாக இருக்கும்.

அப்படியானால் திடலுக்கும் சாலைக்கும் உண்மையான வித்தியாசம் என்ன? திடலில் ஆபத்து இல்லை என்பதல்ல. திடலில் ஆபத்தை ஏற்றுக்கொண்டவன் மட்டுமே அதற்கு உட்படுகிறான். சாலையில் ஏற்றுக்கொள்ளாதவனும் உட்படுகிறான். பட்டுப் பாவு வாங்க மொபெட்டில் வரும் நெசவாளியும், கோயிலுக்கு நடந்து செல்லும் கிழவியும், பள்ளிக்கூடம் விட்டு வரும் குழந்தையும் எவருடைய பந்தயத்திலும் பெயர் கொடுத்தவர்கள் அல்லர். "என் உயிர், என் இஷ்டம்" என்ற வாதம் திடலில் ஓரளவு செல்லும். சாலையில் செல்லாது.

கோபுரக் கணக்கு

வேகத்தின் அபாயம் கண்ணுக்குத் தெரிவதில்லை என்பதே அதன் முதல் அபாயம். மாடியின் விளிம்பில் நிற்பவனுக்கு உடல் நடுங்குகிறது. மணிக்கு 100 கிலோமீட்டரில் ஓட்டுபவனுக்கு உடல் நடுங்குவதில்லை. காற்று இனிமையாக வீசுகிறது. ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான்.

ஏகாம்பரநாதர் கோயிலின் ராஜகோபுரம் ஏறக்குறைய 190 அடி உயரம். 1509-ல் கிருஷ்ணதேவராயர் எழுப்பியது. அதன் உச்சியிலிருந்து ஒரு பொருள் விழுந்தால், காற்றின் தடையைக் கழித்துவிட்டுப் பார்க்கும்போது, தரையைத் தொடும் கணத்தில் அதன் வேகம் மணிக்குச் சுமார் 120 கிலோமீட்டர். அதாவது 120 கிலோமீட்டர் வேகத்தில் சென்று அசையாத பொருளில் மோதுபவன், ராஜகோபுரத்தின் உச்சியிலிருந்து தரையில் விழுபவனுக்குச் சமம்.

வேகத்தைப் பாதியாக்கி 60-ல் சென்றால் உயரமும் பாதியாகும் என்று நினைக்கத் தோன்றும். அப்படியல்ல. அது கால் பங்காகிறது. சுமார் 46 அடி. ஏனெனில் மோதலின் பலம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகம் இரு மடங்கானால் அடி நான்கு மடங்காகிறது. மும்மடங்கானால் ஒன்பது மடங்கு. இந்த விதி ஓட்டுபவனின் திறமையைக் கேட்டுக்கொண்டு மாறுவதில்லை.

இன்னொரு கணக்கும் உண்டு. எதிரே ஆபத்தைக் கண்ட கண், மூளைக்குச் சொல்லி, மூளை கைக்குச் சொல்லி, கை பிரேக்கைப் பிடிப்பதற்கு ஒரு விநாடியாவது ஆகும். மணிக்கு 100 கிலோமீட்டரில் அந்த ஒரு விநாடிக்குள் வண்டி 28 மீட்டர் ஓடிவிடுகிறது. பிரேக் பிடித்த பிறகு, உலர்ந்த நல்ல சாலையில்கூட, நிற்பதற்கு இன்னும் 55 மீட்டர் போல வேண்டும். ஆக மொத்தம் 83 மீட்டர். அதே வண்டி 60 கிலோமீட்டரில் வந்தால் 37 மீட்டருக்குள் நின்றுவிடும். இடையிலுள்ள 46 மீட்டரில்தான் மாடும், மனிதனும், திடீரென்று திரும்பும் லாரியும் இருக்கிறார்கள்.

இத்தனை ஆபத்தை விலைக்கு வாங்கி மிச்சப்படுத்துவது என்ன? காஞ்சிபுரத்திலிருந்து சென்னை சுமார் 75 கிலோமீட்டர். 80 கிலோமீட்டர் வேகத்தில் நிற்காமல் சென்றால் 56 நிமிஷம். 100 கிலோமீட்டரில் 45 நிமிஷம். லாபம் பதினோரு நிமிஷம். பூந்தமல்லியில் வண்டிகள் தேங்கி நிற்கும்போது அந்த லாபமும் கரைந்து போகும்.

"விதி" என்னும் சமாதானம்

மோட்டார் சைக்கிள் ஓட்டும் வாலிபர்களிடையே ஒரு தனிப்பட்ட தோழமை உண்டு. முன்பின் தெரியாதவர்களும் வழியில் ஒருவரையொருவர் கண்டால் கையசைத்துச் செல்கிறார்கள். ஒருவருடைய வண்டி நின்றுவிட்டால் மற்றவர் நின்று உதவுகிறார். அந்தத் தோழமை போற்றத்தக்கது. ஆகையால் அவர்களில் ஒருவர் இறந்துவிட்டால் ஏற்படும் துக்கமும் மெய்யானது. செல்பேசியில் இறந்தவரின் படத்தை வைக்கிறார்கள். மாலை அணிவித்த படத்தை வண்டியில் கட்டி ஊர்வலம் போகிறார்கள்.

அந்தத் துக்கத்தில் இரண்டு சமாதானங்கள் அடிக்கடி கேட்கின்றன. ஒன்று, "அவன் விதி அவ்வளவுதான்." மற்றொன்று, "தனக்குப் பிடித்ததைச் செய்துகொண்டே போய்ச் சேர்ந்தான்." பெற்றவள் அழும்போது இப்படி ஏதாவது சொல்லித்தான் ஆக வேண்டியிருக்கிறது. சொல்பவர்களைக் குற்றம் கூற முடியாது. ஆனால் இரண்டு சமாதானங்களும் ஒரே காரியத்தைச் செய்கின்றன. ஏன் இறந்தான் என்ற கேள்வியை மூடிவிடுகின்றன. விதி என்றுவிட்டால் வளைவைப் பற்றிப் பேச வேண்டியதில்லை. பிடித்ததைச் செய்தான் என்றுவிட்டால் வேகத்தைப் பற்றிப் பேச வேண்டியதில்லை.

கேள்வி மூடப்பட்டால் நஷ்டம் யாருக்கு? இறந்தவனுக்கு இனி நஷ்டமில்லை. ஊர்வலத்தில் அவன் படத்தைக் கட்டிக்கொண்டு வண்டியை முறுக்குகிறவனுக்குத்தான் நஷ்டம். இறந்தவனை அவமதிக்காமல், அவன் இறந்த காரணத்தைப் பேச முடியும். அப்படிப் பேசுவதே அவனுக்குச் செய்யும் பெரிய மரியாதை என்பதற்குச் சரித்திரத்தில் சாட்சி இருக்கிறது.

லாரன்ஸின் மரணமும் தலைக்கவசமும்

அரேபியாவின் லாரன்ஸ் என்று உலகப் புகழ் பெற்ற டி. இ. லாரன்ஸ் மோட்டார் சைக்கிளில் மோகம் கொண்டவர். 1935 மே 13-ஆம் தேதி இங்கிலாந்தில் தம் வீட்டுக்கருகே, சைக்கிளில் வந்த இரண்டு சிறுவர்களைத் தவிர்க்க முயன்று, வண்டியிலிருந்து தூக்கி எறியப்பட்டார். ஆறு நாட்கள் நினைவற்றுக் கிடந்து மே 19-ல் காலமானார். உலகம் அழுதது. பத்திரிகைகள் அவருடைய வீரத்தை எழுதின.

அவரைப் பார்வையிட வந்த டாக்டர்களில் ஒருவர் ஹியூ கெய்ன்ஸ் என்னும் மூளை அறுவை நிபுணர். அவரும் துக்கப்பட்டிருப்பார். ஆனால் அவர் விதி என்று விட்டுவிடவில்லை. மோட்டார் சைக்கிளில் செல்வோரின் தலைக்காயங்களைப் பற்றி ஆராய்ச்சி செய்தார். யுத்த காலத்தில் ராணுவத் தபால் கொண்டு செல்லும் மோட்டார் சைக்கிள் வீரர்கள் ஏராளமாக இறப்பதைக் கண்டார். 1941-ல் அவர் வெளியிட்ட கட்டுரை, தலைக்கவசம் அணிந்தவர்களின் காயம் எவ்வளவு இலேசாக இருக்கிறது என்பதை எடுத்துக் காட்டியது. அந்த வருஷமே பிரிட்டிஷ் ராணுவத்தில் மோட்டார் சைக்கிள் ஓட்டுவோர் தலைக்கவசம் அணிவது கட்டாயமாயிற்று. இன்று உலகெங்கும் மோட்டார் சைக்கிளில் செல்வோர் தலையில் இருக்கும் கவசத்தில் அந்த ஒருவருடைய சாவின் பங்கும் இருக்கிறது.

பந்தய உலகமும் இதே வழியில் சென்றிருக்கிறது. 2021-ஆம் ஆண்டில் ஐரோப்பியத் திடல்களில் மூன்று இளைஞர்கள் இறந்தார்கள். ஸ்விட்சர்லாந்தின் ஜேசன் டுபாஸ்கியேவுக்கு வயது 19. ஸ்பெயினின் ஊகோ மிலானுக்கு 14. அதே தேசத்தின் டீன் பெர்த்தா வின்யாலஸுக்கு 15. அதன் பிறகு சர்வதேச மோட்டார் சைக்கிள் சம்மேளனம், கிராண்ட் பிரீ பந்தயங்களில் ஓட்டக் குறைந்தபட்ச வயது 18 என்று 2023 முதல் நிர்ணயித்தது. இளையோர் போட்டிகளுக்கும் வயது வரம்பு உயர்த்தப்பட்டது.

திடல் மட்டும் போதுமா?

சென்னை மோட்டார் பந்தய சங்கம் 1953-ல் தோன்றியது. யுத்த காலத்து விமானத் தளமான சோழவரத்தில் நெடுங்காலம் பந்தயம் நடந்தது. பிறகு சங்கம் தானே ஒரு திடல் அமைக்க முற்பட்டு, 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் அதைத் திறந்தது. 3.7 கிலோமீட்டர் நீளம், பன்னிரண்டு வளைவுகள். வேகத்தில் ஆசை கொண்ட வாலிபனுக்குச் சொந்த ஜில்லாவிலேயே இப்படி ஒரு திடல் இருப்பது பாக்கியம். சாலையில் ஓட்டுவதைவிட அங்கே கற்றுக்கொண்டு ஓட்டுவது நூறு மடங்கு மேல். இதில் இரண்டு அபிப்பிராயம் இருக்க முடியாது.

ஆனால் ஆபத்தை ஏற்றுக்கொள்வது என்பது, ஆபத்தை உணர்ந்தவன் செய்யக்கூடிய காரியம். ஐம்பத்தொன்பது வயதுக்காரர் ஏற்றுக்கொண்டார் என்றால் அதற்கு அர்த்தம் உண்டு. பதின்மூன்று வயதில் அதே அர்த்தம் உண்டா? இந்த நாட்டில் பதினாறு வயதுக்குக் குறைந்தவன் ஐம்பது சி.சி. மொபெட்டுக்கும் லைசென்ஸ் வாங்க முடியாது. கியர் உள்ள மோட்டார் சைக்கிளுக்குப் பதினெட்டு வயது வேண்டும். திடலுக்குள் அந்தச் சட்டம் நுழைவதில்லை.

மறு பக்கத்து வாதத்தையும் கேட்க வேண்டும். எந்த விளையாட்டிலும் உலகத் தரத்தை எட்ட வேண்டுமானால் இளம் வயதிலேயே தொடங்க வேண்டும் என்கிறார்கள். அதுவும் உண்மைதான். சங்கீதமும் நாட்டியமும் அப்படித்தான் கற்கப்படுகின்றன. ஆனால் சங்கீதத்தில் அபஸ்வரம் வந்தால் குருநாதர் தலையில் குட்டுவார். இங்கே அபஸ்வரத்துக்குத் தண்டனை அது அல்ல. ஆகவே சிறுவர்கள் கற்கட்டும்; சிறிய யந்திரத்தில், குறைந்த வேகத்தில், குறைந்த கூட்டத்தோடு கற்கட்டும். போட்டியின் வேகம் வயதோடு ஏறட்டும். உலக சம்மேளனம் ஐரோப்பாவில் பெற்ற பாடத்தை இந்தியா தன் சொந்தக் குழந்தைகளின் உயிரைக் கொடுத்து மறுபடியும் பெற வேண்டியதில்லை.

பெயர் வெளிவராதவர்கள்

இவ்வளவு பேசிய பிறகும் ஒரு பெரிய உண்மை மிச்சமிருக்கிறது. பந்தய வீரர்களும் சாகசக்காரர்களும் மட்டுமே சாகவில்லை. அவர்கள் மொத்தத்தில் ஒரு துளி.

மத்திய சர்க்காரின் அறிக்கைப்படி 2022-ஆம் ஆண்டில் இந்தியாவில் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அவர்களில் 74,897 பேர், அதாவது நூற்றுக்கு நாற்பத்து நாலு பேருக்கு மேல், இரு சக்கர வண்டியில் சென்றவர்கள். மொத்த மரணங்களில் நூற்றுக்கு எழுபத்தொன்று அதிவேகத்தால் நேர்ந்தவை என்று கணக்கிட்டிருக்கிறார்கள். தலைக்கவசம் அணியாமல் இறந்தவர்கள் மட்டும் 50,029 பேர். அவர்களில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்து சென்றவர்கள். விபத்துகளின் எண்ணிக்கையில் அந்த வருஷம் தமிழ்நாட்டுக்கே முதல் இடம்: 64,105 விபத்துகள். உயிரிழந்தோர் 17,884 பேர்.

இவர்கள் யார்? ஒரகடத்தில் இரவு ஷிப்டு முடித்துத் தூக்கக் கண்ணோடு வீடு திரும்பும் தொழிலாளி இவர்களில் ஒருவன். மனைவியைப் பின்னால் வைத்து, குழந்தையை முன்னால் நிறுத்தி, முகூர்த்தத்துக்கு விரையும் குடும்பஸ்தன் ஒருவன். இவர்கள் சக்கரத்தைத் தூக்கியவர்கள் அல்லர். சற்றே அதிகமான வேகம், கொக்கியில் மாட்டிய தலைக்கவசம், சற்றே அவசரம். அவ்வளவுதான். ஒரு பிரபலஸ்தரின் விபத்தைத் தொலைக்காட்சியில் பார்த்து "இப்படித்தான் வேண்டும்" என்று சொல்லிவிட்டுத் தலைக்கவசம் இல்லாமல் கடைத்தெருவுக்குக் கிளம்புகிறவர், தம் பெயர் எந்தக் கணக்கில் சேரக்கூடும் என்பதை நினைப்பதில்லை.

சாகசக்காரரைக் கண்டிப்பது சுலபம். அவரை உண்டாக்கியவர்கள் யார்? லட்சக்கணக்கில் பார்த்தவர்கள்தானே? பார்வையாளர் இல்லாத சாகசத்துக்கு வருமானம் இல்லை. தெருக்கூத்துக்குக் கூட்டம் கலைந்தால் கூத்தாடியும் வேஷத்தைக் கலைப்பான். இதற்குப் பொறுப்பில் ஒரு பங்கு, பார்த்துக் கை தட்டியவர்களையும் சாரும்.

சட்டம் செய்ததும் செய்யாததும்

சட்டம் இல்லை என்று சொல்ல முடியாது. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, பொதுச் சாலையில் அனுமதியின்றிப் பந்தயம் ஓட்டினால் முதல் தடவை மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், இரண்டும் விதிக்கப்படலாம். மறுபடியும் செய்தால் ஒரு வருஷம் வரை சிறை. தலைக்கவசம் அணியாவிட்டால் 1,000 ரூபாய் அபராதமும் மூன்று மாத லைசென்ஸ் நிறுத்தமும் உண்டு. நாலு வயதுக்கு மேற்பட்ட குழந்தைக்கும் தலைக்கவசம் வேண்டும். வயது வராத பையனிடம் வண்டியைக் கொடுத்து அவன் குற்றம் செய்தால் பெற்றோருக்கு மூன்று வருஷம் வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்க இடமிருக்கிறது. அந்தப் பையனுக்கு இருபத்தைந்து வயது வரை லைசென்ஸ் கிடையாது.

கோர்ட்டுகளும் சும்மா இருக்கவில்லை. 2015-ல் நீதிபதி கிருபாகரன் இட்ட உத்தரவின் பேரில்தான் அந்த ஜூலை முதல் தேதியிலிருந்து தமிழ்நாட்டில் தலைக்கவசம் கண்டிப்பாக அமலுக்கு வந்தது. 2013-ல் காஞ்சிபுரம் ஜில்லாவில் நடந்த விபத்தொன்றில் ஒரு பெண் பல் டாக்டர் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு உடல் ஊனமானார். அவருடைய நஷ்டஈட்டு வழக்கு 2021-ல் அதே நீதிபதியும் நீதிபதி தமிழ்ச்செல்வியும் கொண்ட பெஞ்சின் முன் வந்தது. நஷ்டஈட்டை 18 லட்சத்துச் சொச்சத்திலிருந்து ஒன்றரைக் கோடியாக உயர்த்தியதோடு பெஞ்சு நிற்கவில்லை. சாலை வேக வரம்பை உயர்த்தி மத்திய சர்க்கார் 2018-ல் வெளியிட்ட அறிவிப்பையும் ரத்து செய்தது. நல்ல சாலையும் நல்ல எஞ்சினும் வந்துவிட்டன என்பது வேகத்தைக் கூட்டப் போதிய காரணமாகாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

சர்க்காரும் 2021 டிசம்பரில் "இன்னுயிர் காப்போம்" திட்டத்தைத் தொடங்கிற்று. விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரம் இலவச சிகிச்சை. தொடங்கியபோது அதன் உச்ச வரம்பு ஒரு லட்சம் ரூபாய். இது நல்ல காரியம். எத்தனையோ உயிர்களை மீட்கக்கூடிய காரியம்.

ஆனால் சட்டமும் சிகிச்சையும் விபத்துக்குப் பின்னால் வருபவை. லைசென்ஸ் ரத்தானது தாமலில் வண்டி பறந்த பிறகு. நஷ்டஈடு வந்தது உடல் ஊனமான பிறகு. விபத்துக்கு முன்னால் நின்று "போதும், மெதுவாகப் போ" என்று சொல்லக்கூடியவர் யார்? அநேகமாக ஒரே ஒருவர்தான். அவர் பக்கத்தில் ஓட்டும் சிநேகிதர்.

முட்டுக்கட்டை போடுபவர்கள்

வைகாசி மாதத்தில் வரதராஜப் பெருமாள் கோயில் பிரம்மோற்சவத்தின் ஏழாம் நாள் தேர் புறப்படுகிறது. ஆயிரக்கணக்கானவர்கள் வடம் பிடிக்கிறார்கள். கூட்டத்தின் கண்ணெல்லாம் தேரின் உச்சியில் இருக்கிறது. ஆனால் சக்கரத்தின் அருகே, குனிந்தபடியே, சில பேர் கையில் கட்டைகளோடு ஓடிவருகிறார்கள். தேர் வேகம் எடுத்தால் சக்கரத்தின் கீழே கட்டையைப் போட்டு நிறுத்துபவர்கள் அவர்கள். மூலையில் திரும்ப வைப்பவர்களும் அவர்களே. வடம் இழுப்பவன் ஆயிரம் பேரில் ஒருவன். கட்டை போடுபவன் இல்லாவிட்டால் தேர் வீதிக்கு வர முடியாது. "முட்டுக்கட்டை போடுகிறான்" என்பது பேச்சு வழக்கில் வசையாகிவிட்டது. தேரோட்டத்தில் அது உயிர் காக்கும் தொழில்.

மோட்டார் சைக்கிள் கோஷ்டிகளில் வடம் பிடிக்க ஆள் இருக்கிறது. கட்டை போட ஆள் இல்லை. முன்னால் செல்பவன் முறுக்கினால் பின்னால் வருபவனும் முறுக்குகிறான். "மெதுவாகப் போவோமே" என்று சொன்னால் கோழை என்பார்களோ என்ற பயம். அந்தப் பயத்துக்காகவே வாயை மூடிக்கொண்டவர்கள் எத்தனை பேர், பின்னால் படத்துக்கு மாலை போட்டிருக்கிறார்கள்!

இதற்குப் பெரிய திட்டம் எதுவும் வேண்டியதில்லை. கோஷ்டியாகப் புறப்படும்போது கோஷ்டியிலேயே மெதுவாக ஓட்டுபவர் முன்னால் செல்லட்டும்; அவருடைய வேகமே எல்லோருக்கும் வேகமாகட்டும். தலைக்கவசத்தின் வாரைப் பூட்டாதவன் இருந்தால், அவன் பூட்டும் வரை யாரும் வண்டியைக் கிளப்ப வேண்டாம். ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத கவசத்தை யாரும் சிநேகிதனுக்குப் பரிசளிக்க வேண்டாம். வேகத்தில் தாகம் தீராதவனை இருங்காட்டுக்கோட்டைக்கு அழைத்துச் சென்று பயிற்சியில் சேர்த்துவிடட்டும். தோழன் ஒருவன் இறந்துவிட்டால், துக்கம் ஆறிய பிறகு ஒருநாள் கூடி உட்கார்ந்து, எங்கே, எப்படி, எந்த வேகத்தில் என்று ஒளிவுமறைவில்லாமல் பேசட்டும்.

காஞ்சிபுரத்துத் தறியில் ஓர் இழை அறுந்தால் நெசவாளி தறியை நிறுத்துகிறார். அறுந்த இழையைத் தேடி எடுத்து முடிந்துவிட்டுத்தான் மறுபடியும் நாடாவை ஓட்டுகிறார். நிறுத்தாமல் நெய்தால் நேரம் மிச்சமாகும், சேலை வீணாகும். ஆயிரம் இழைகளில் ஒன்றுதானே என்று அவர் விடுவதில்லை. மோட்டார் சைக்கிள் ஓட்டும் வாலிபர்களின் கூட்டத்திலும் ஓர் உயிர் அறுந்து விழும்போது, மற்றவர்கள் வண்டியை நிறுத்திக் காரணத்தைத் தேட வேண்டும். தறியில் அறுந்த இழையை முடிந்துவிடலாம். இங்கே முடிந்துவிட வழியில்லை. அடுத்த இழை அறுந்துவிடாமல் பார்த்துக்கொள்ளத்தான் வழி உண்டு.